நின்று அடிக்கும் நிழல்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி முரளி கேட்டார். இன்று இந்த ஸ்டுடியோவை நடத்துபவர் அவர். நான் வேலை பார்த்த காலத்தில் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து புரோகிராம் எழுதியவர். "நாம செஞ்ச கேம் எல்லாத்தையும் பத்தி எழுதுங்கக்கா" என்றார். எல்லாவற்றையும் எழுதினால் நீங்கள் படிக்க மாட்டீர்கள். ஒரே ஒரு சண்டை விளையாட்டைப் பற்றி, அதிலும் அதை விளையாடும் வழிகளில் ஒரே ஒரு மோடைப் பற்றி எழுதுகிறேன். இந்தத் தொழிலில் நான் யாருக்கெல்லாம் நன்றி சொல்ல வேண்டுமோ, அவர்களில் பாதிப் பேர் அந்த ஒரு மோடுக்குள்ளேயே வந்துவிடுவார்கள்.

அந்த நாளில் தஞ்சாவூரில் கேம் செய்கிற கம்பெனி என்றால் இடம் கொடுக்க யோசித்தார்கள். கம்ப்யூட்டர் சென்டர் என்றால் சரி, பிரவுசிங் சென்டர் என்றாலும் சரி. "கேம்னா பசங்க வந்து கூச்சல் போடுவாங்களேம்மா" என்று தயங்கினார் மாடியை வாடகைக்கு விட்ட ஜவுளிக்கடைக்காரர். "அதெல்லாம் இல்லைங்க, கம்ப்யூட்டர்ல பொம்மை வரையற வேலைங்க" என்று சொல்லிச் சாவியை வாங்கிவிட்டார் எங்கள் தலைவி. அவர் சிங்கப்பூரில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். பெயரைப் போட்டால் கோபித்துக்கொள்வார், அதனால் தலைவி என்றே சொல்கிறேன். படித்த பிள்ளைகள் எல்லாம் சென்னைக்கும் பெங்களூருக்கும் பெட்டி கட்டிக்கொண்டிருந்த நேரத்தில், "இங்கேயே உட்காந்து செய்யலாம், வாங்க" என்று கூப்பிட்டவர் அவர் ஒருவர்தான்.

நான் அதற்கு முன் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். எனக்குக் கொடுத்த வேலை, மோடுகளை வடிவமைப்பது. விளையாடுகிறவர் உள்ளே வந்தால் என்னென்ன வழிகளில் விளையாடலாம், ஒவ்வொன்றிலும் ஜெயிப்பது எப்படி, தோற்றால் என்ன ஆகும் என்பதையெல்லாம் தீர்மானிக்கிற வேலை.

எங்களுக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை ஒரு கிராஸ்ஓவர் சண்டை விளையாட்டு. சென்னையில் ஒரு சித்திரக்கதை நிறுவனம், கோலாலம்பூரில் ஒரு கார்ட்டூன் நிறுவனம். இரண்டு பேருடைய நாயகர்களும் ஒரே விளையாட்டில் வந்து மோத வேண்டும். சென்னைக்காரர்களின் ஆழி என்ற மீனவப் பெண் துடுப்பைச் சுழற்றிக்கொண்டு வருவாள். கோலாலம்பூர்க்காரர்களின் இரும்பன் என்ற இயந்திர மனிதன் தரை அதிர நடந்து வருவான். தனியாக விளையாட ஸ்டோரி மோடு, பக்கத்தில் உட்கார்ந்து இருவர் மோத வெர்சஸ் மோடு, இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து அடிக்க ஜோடி மோடு, கை பழக ஒரு பயிற்சி மோடு.

கேட்க எளிதாகத்தான் இருக்கும். ஆனால் இரண்டு முதலாளிகளுக்குமே தங்கள் நாயகன் தோற்பதில் சம்மதம் இல்லை. "எங்க ஆழி மண்ணுல விழக் கூடாது" என்று சென்னையிலிருந்து ஃபோன். "இரும்பன் மல்லாந்து கிடந்தா குழந்தைங்க அழும்" என்று கோலாலம்பூரிலிருந்து ஃபோன். சண்டை விளையாட்டில் யாரும் விழக் கூடாது என்றால் நான் என்ன செய்ய? படங்களுக்கு அசைவு கொடுக்கும் கலைச்செல்விதான் வழி சொன்னாள். "விழ வேண்டாம்க்கா. ஒத்த முட்டி போட்டு, எதிராளியைப் பாத்து ஒரு சிரிப்பு சிரிக்கட்டும். அடுத்த தடவ பாத்துக்கறேன்னு அர்த்தம்." இரண்டு ஊர்க்காரர்களும் மறு பேச்சில்லாமல் ஒப்புக்கொண்டார்கள்.

கலைச்செல்வி நீடாமங்கலத்துப் பெண். அவள் கணவன் சேகர் அங்கே சின்னதாக ஒரு வீடியோ கேம் கடை வைத்திருந்தான். தம்பியைக் கூட்டிக்கொண்டு போன இடத்தில்தான் இருவருக்கும் பழக்கம். வீட்டுக்கு வீடு கேபிள் டிவியும் கம்ப்யூட்டரும் வந்ததும் கடை படுத்துவிட்டது. சேகர் ஏசி மெக்கானிக் வேலை பழகிக்கொண்டு குவைத்துக்குப் போனான். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட முழுதாக அவர்கள் சேர்ந்து இருக்கவில்லை.

எங்கள் விளையாட்டின் பெரிய கவர்ச்சி என்று சென்னைக்காரர்கள் சொல்லி வைத்திருந்தது நெட்வொர்க் மோடு. ஊரில் ஒருவர், வெளிநாட்டில் ஒருவர், இன்டர்நெட் வழியாக நேருக்கு நேர் மோதலாம். மலேசியாவிலும் வளைகுடாவிலும் இருக்கிற நம் ஆட்களுக்கு அதைச் சொல்லித்தான் விற்பதாகத் திட்டம். அந்த மோடைப் பற்றிப் பேச்சு வந்தால் கலைச்செல்வி முகமே மாறிவிடும். "அவர்கிட்ட சொல்லிட்டேன்க்கா. வெள்ளிக்கிழமை லீவு நாள்ல ரெண்டு பேரும் ஆடலாம்னு."

ஆனால் அது வேலை செய்யவில்லை. அன்றைய இன்டர்நெட் டெலிஃபோன் கம்பி வழியாக இழுத்துக்கொண்டு வரும். உதை பொத்தானை அழுத்தினால், எதிராளி நகர்ந்து போன பிறகு உதை விழும். முரளி என்னென்னவோ செய்து பார்த்தார். கடைசியில் என்னிடம் வந்து, "அக்கா, இந்த லைன்ல இது நடக்காது. என்னால முடியலைன்னு சொல்லல, யாராலயும் முடியாது" என்றார். சந்தையில் தேதி அறிவித்தாயிற்று. விளையாட்டைப் பார்த்து ஒப்புதல் கொடுப்பதற்காகச் சென்னை நிறுவனத்தின் அதிகாரி நடராஜன் அந்த வாரம் வருவதாக இருந்தது. தலைவியோ ஒரு வேலையாகச் சிங்கப்பூர் போயிருந்தார்.

இங்கேதான் ஒரு சபலம் வந்தது. ஆபீசுக்குள் இரண்டு கம்ப்யூட்டரை ஒரு கேபிளால் இணைத்தால் நெட்வொர்க் மோடு தடையே இல்லாமல் ஓடும். அதிகாரியை ஒரு அறையில் உட்கார வைத்து, இன்னொரு அறையிலிருந்து ஒருவர் விளையாடினால் அவருக்கு எந்தக் குறையும் தெரியாது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார். இதை யோசித்தது கெட்டவர்கள் இல்லை. இந்த வேலை போனால் கம்பெனியை மூடிவிட்டு எல்லோரும் சென்னைக்கு ரயில் ஏற வேண்டும் என்று பயந்த நல்ல பிள்ளைகள்தான்.

நான் தலைவிக்கு ஃபோன் போட்டேன். நிலைமையைச் சொல்லி, "நீங்க வர்ற வரைக்கும் அவர் வர்றத தள்ளிப் போடவா?" என்று கேட்டேன்.

"தள்ளிப் போட்டா லைன் வேகமாயிடுமா?"

"ஆகாது."

"அப்ப என்ன பண்றதுன்னு நீயே முடிவு பண்ணு ஸ்டெல்லா. மிஷின் முன்னாடி உட்காந்திருக்கறது நீ. எது பண்ணாலும் நான் பண்ணதா சொல்லிக்கிறேன்."

அவ்வளவுதான், வைத்துவிட்டார். அறிவுரை எதுவும் சொல்லவில்லை. என்னை நம்புகிறார் என்பது மட்டும் தெரிந்தது. அந்த நம்பிக்கைக்கு இன்றுவரை நான் கடன்பட்டிருக்கிறேன். நெட்வொர்க் மோடு கிடையாது என்று மறுநாள் காலையே எல்லோரிடமும் சொன்னேன். கலைச்செல்வி எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

அதற்கு மாற்று எங்கள் கண் முன்னாலேயே கிடந்தது. தவறு எங்கே நடக்கிறது என்று கண்டுபிடிப்பதற்காக முரளி ஒரு சின்ன வேலை செய்து வைத்திருந்தார். யார் விளையாடினாலும் அவர்கள் எவ்வளவு தள்ளி நிற்கிறார்கள், எப்போது குத்துகிறார்கள், எப்போது உதைக்கிறார்கள், அடி வரும்போது தடுக்கிறார்களா தாண்டிக் குதிக்கிறார்களா என்பதையெல்லாம் விளையாட்டே கவனித்துக்கொள்ளும். பிறகு ஆளே இல்லாமல், அதே பழக்கத்தோடு அந்த வீரனை ஆட வைக்கும். அன்று மத்தியானம் முரளி அதை ஓட்டிக்கொண்டிருந்தார். திரையில் ஆழி இரண்டடி பின்னால் போய், சட்டென்று தாவி, தாழ்வாக ஒரு உதை விட்டாள். கலைச்செல்வி திரும்பிப் பார்த்தாள்.

"ஐயோ, இது நான்தானே!"

"நீதான். நேத்து நீ ஆடினதை வெச்சுதான் ஓடுது."

"நான் இல்லாமலே நான் ஆடறேன் பாருங்கக்கா" என்று சிரித்தாள். அந்த வாரத்தில் அவள் சிரித்தது அப்போதுதான்.

அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு எனக்கு வேறு யோசனை தேவைப்படவில்லை. ஒருவருடைய ஆட்டத்தை ஒரு சின்ன ஃபைலாக்கி ஈமெயிலில் அனுப்பிவிடலாம். அடுத்த ஊரில் இருப்பவர் அதைப் போட்டு, அனுப்பியவரோடு மோதுவது போலவே மோதலாம். லைன் மெதுவாக இருந்தால் என்ன, ஒரு கடிதம் போகிற வேகம் போதும். நிழல் மோடு என்று பெயர் வைத்தோம்.

நடராஜன் வந்தார். இஸ்திரி கலையாத சட்டை, அதிகம் பேச மாட்டார். உட்கார்ந்ததும், "நெட்வொர்க் மோடைக் காட்டுங்க" என்றார். முரளி என் முகத்தைப் பார்த்தார்.

"அது இந்த ஆபீசுக்குள்ள அருமையா ஓடும் சார்" என்றேன். "குவைத்துக்கும் தஞ்சாவூருக்கும் நடுவுல ஓடாது. வாங்கறவங்க முதல் நாளே உங்களைத் திட்டுவாங்க. அதனால எடுத்துட்டோம்."

அவர் முகம் இறுகியது. "அதை வெச்சுதானே விளம்பரம் பண்ணியிருக்கோம்?"

"ஆமா சார். அதுக்குப் பதிலா ஒண்ணு இருக்கு. ஒரு ஆட்டம் ஆடிப் பாத்துட்டுத் திட்டுங்க."

கலைச்செல்வியின் நிழலோடு மோதவிட்டோம். மனிதர் தோற்றார். இன்னொரு ஆட்டம் கேட்டு அதிலும் தோற்றார். மூன்றாவதில், "இந்தப் பொண்ணு ஏன் எப்பவும் கீழேயே உதைக்குது?" என்றார். மிஷினோடு ஆடுவதை மறந்து, எதிரே ஒரு ஆள் உட்கார்ந்து ஆடுவது போலவே கேட்டார். பின்னால் நின்ற கலைச்செல்வி, "நீங்க கீழ தடுக்கவே மாட்டேங்கறீங்க சார், அதான்" என்றாள். அவர் திரும்பி அவளைப் பார்த்தார். லேசாகச் சிரித்தார்.

ஆனாலும் கையெழுத்துப் போடவில்லை. "கடல் தாண்டி ஒரு நிழல் போகட்டும், அங்கேருந்து ஒண்ணு வரட்டும். அதையும் பாக்கறேன். அப்புறம் பேசலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெளிநாட்டில் யார் இருக்கிறார்கள் என்று நாங்கள் தேடவே இல்லை. பூதலூரிலிருந்து குவைத்துக்குப் புறப்பட்ட ஒருவர் கையில் விளையாட்டு சிடியைக் கொடுத்து சேகருக்கு அனுப்பினோம். சேகர் தங்கியிருந்த அறையில் யாரோ ஒருவர் பழைய கம்ப்யூட்டர் வைத்திருந்தார். கலைச்செல்வியின் நிழல் ஈமெயிலில் போனது. பிரவுசிங் சென்டரில் இறக்கி ஃப்ளாப்பியில் எடுத்துப் போயிருக்கிறான். அந்த வெள்ளிக்கிழமை ஃபோன் செய்தான். "அவளேதாங்க அக்கா! அதே உதை! ரூம்ல எல்லாரும் வரிசையில நின்னு அடி வாங்குறானுங்க" என்று சத்தமாகச் சிரித்தான். தன் நிழலையும் அனுப்பி வைத்தான்.

நடராஜன் மறுபடி வருகிற தேதிக்குக் கொஞ்சம் முன்னால்தான் அது வந்து சேர்ந்தது. ஆசையாக ஓட்டிப் பார்த்தோம்.

சேகர் அனுப்பிய இரும்பன் நடந்து வந்தான். நின்றான். பிறகு ஒரு குத்து விட்டான். மறுபடி நடந்தான், நின்றான், ஒரு குத்து. உதை என்பதே இல்லை. அடி வரும்போது தடுக்கவும் இல்லை, வாங்கிக்கொண்டு நின்றான். கடை வைத்து நடத்திய ஆள் இப்படியா ஆடுவான்?

"ஃபைல் வழியில கெட்டுப் போயிருக்கு" என்றார் முரளி. தன் புரோகிராமைக் குடைய ஆரம்பித்தார். எந்தத் தப்பும் கிடைக்கவில்லை. மற்றவர்களின் நிழல்கள் எல்லாம் ஒழுங்காகவே ஓடின. "அக்கா, பேசாம இங்க யாராவது ஆடி ஒரு நிழல் எடுத்துடலாம். குவைத்துலேருந்து வந்ததுன்னு காட்டிடலாம்" என்று ஒரு பையன் மெல்லச் சொன்னான்.

நான் பதில் சொல்வதற்குள் கலைச்செல்வி பேசினாள். அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

"ஃபைல் சரியாத்தான் இருக்கு."

"எப்படிச் சொல்ற?"

"நின்னுட்டுத்தான் அடிக்கிறார் பாருங்கக்கா. நடந்துக்கிட்டே ஒரு அடிகூட அடிக்கல." கீபோர்டை இழுத்து முன்னால் வைத்தாள். "நடக்கறது எடது கை. குத்தறது, உதைக்கறது, தடுக்கறது எல்லாம் வலது கை. ரெண்டு கையும் இருந்தா நடந்துக்கிட்டே அடிக்கலாம். அவரு எடது கையால நடந்து, அதே கைய இந்தப் பக்கம் தூக்கி வெச்சுக் குத்தறாரு." தன் இடது கையை மட்டும் வைத்துச் செய்து காட்டினாள். திரையில் சேகர் ஆடியது போலவே இருந்தது. "அவரு வலது கைக்கு என்னமோ ஆயிருக்கு அக்கா."

முரளி புரோகிராமை மூடிவிட்டு ஃபோனை அவள் பக்கம் நகர்த்தினார்.

ஆபீஸ் ஃபோனிலேயே கூப்பிட்டோம். சேகர் வந்து எடுத்ததும் கலைச்செல்வி நலமா என்றுகூடக் கேட்கவில்லை.

"என்னங்க, வலது கை எப்படி இருக்கு?"

"யாரு சொன்னா?" என்றான்.

"நீங்கதான் சொன்னீங்க. மறைக்காம சொல்லுங்க."

ஏசி யூனிட் ஒன்றைத் தூக்கும்போது கயிறு நழுவிக் கைமேல் விழுந்திருக்கிறது. வேலைக்கு வைத்த காண்டிராக்டர் கட்டுப் போட்டு, அறையிலேயே படுத்திரு, சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டான். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் எப்படி நடந்தது என்று கேட்பார்களாம், வேலை போய்விடுமாம். விரல்கள் மடங்கவில்லை, வீக்கமும் வடியவில்லை. வீட்டில் சொன்னால் பயப்படுவார்கள் என்று ஒவ்வொரு வாரமும் ஃபோனில் சிரித்துப் பேசியிருக்கிறான். குரலில் மறைக்க முடிந்ததை அவனால் ஆட்டத்தில் மறைக்க முடியவில்லை.

கலைச்செல்வி அழவில்லை. என்னிடம் ரிசீவரைக் கொடுத்துவிட்டு, "இப்ப யாரைக் கேக்கணும்க்கா?" என்றாள்.

எங்கள் மாதா கோவிலுக்கு வருகிற ஒரு குடும்பத்தில் மேரி என்ற பெண் குவைத்தில் நர்சாக இருந்தாள். அவள் அம்மாவிடம் நம்பர் வாங்கிப் பேசினேன். முகம் தெரியாத ஒருவனுக்காக மேரி தன் டியூட்டி முடிந்த கையோடு அந்த அறைக்குப் போய், அவனைக் கையோடு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். எலும்பு கோணலாகச் சேரத் தொடங்கியிருந்தது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் விரல்கள் திரும்பாது என்று டாக்டர் சொன்னாராம். சிங்கப்பூரிலிருந்து தலைவி ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசி, காண்டிராக்டர் பிடித்து வைத்திருந்த சேகரின் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுக்க வைத்தார். அவர் யாரிடம் என்ன பேசினார் என்று கடைசிவரை சொல்லவே இல்லை.

நடராஜன் வந்தபோது சேகரின் நிழலையே போட்டுக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். "என்னங்க இது, நொண்டுது?" என்றார். நடந்ததைச் சொன்னேன். என் மனதில் இருந்த கணக்கு வேறு. தாமதம், சாக்கு என்று ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார்.

"இப்ப அந்தக் கை எப்படி இருக்கு?"

"ஊருக்கு வர்றார் சார். இங்கதான் ஆபரேஷன்."

"அந்தம்மாவுக்கு லீவு குடுங்க. ரிலீஸ் தேதியை நான் தள்ளி வெக்கறேன்." கதவருகே போனவர் திரும்பி, "ஒத்தக் கையால ஆடறவங்களுக்கு ஒரு செட்டிங் போட முடியுமா?" என்று கேட்டார். அதை முரளி ஒரே வாரத்தில் போட்டார். எங்கள் ஒப்பந்தத்தில் இல்லாத அந்த செட்டிங்கோடுதான் விளையாட்டு வெளிவந்தது. நெட்வொர்க் மோடு எங்கே என்று கேட்டவர்கள் குறைவு.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது அதிகம் இல்லை. சோதித்துப் பார்க்கும்போது ஏதாவது கோணலாகத் தெரிந்தால், நம் கை உடனே 'பக்', புரோகிராமில் பிழை என்று எழுதப் போகும். அதற்கு முன்னால், இதை விளையாடியது யார், அவர் எப்படி இருக்கிறார் என்று ஒரு தடவை கேளுங்கள். திரையில் அசைவது பொம்மைதான், ஆனால் பொத்தானை அழுத்துவது ஒரு மனிதருடைய விரல். இதைக் கற்றுக் கொடுத்தது புத்தகமோ பயிற்சியோ இல்லை, பார்த்த மாத்திரத்தில் தன் கணவனின் கையை அடையாளம் கண்ட கலைச்செல்விதான். அவளிடம் கேட்காமல் அந்த ஃபைலை நாங்கள் அழித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது.

திருச்சி ஏர்போர்ட்டில் சேகர் இறங்கினான். தஞ்சாவூரில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டுப் பிரித்த பிறகு விரல்களை மடக்கி நீட்டப் பழகச் சொன்னார்கள். ரப்பர் பந்தை அழுத்துவது அவனுக்குச் சலித்துவிட்டது. ஆபீசுக்கு வந்து பயிற்சி மோடில் உட்கார ஆரம்பித்தான். முதலில் ஒரு விரல் மட்டும்தான் அசைந்தது. வலித்தால் கையை உதறிக்கொண்டு ஜன்னலோரம் போய் நிற்பான், மறுபடி வந்து உட்காருவான். யாரும் அவனை அவசரப்படுத்தவில்லை. கலைச்செல்வி தன் வேலையைப் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே இருப்பாள்.

மழை பெய்த ஒரு சாயங்காலம். நாங்கள் டீ குடித்துக்கொண்டிருந்தோம். திரையில் இரும்பன் நடந்து போனான். நிற்கவில்லை. நடையோடு நடையாக ஒரு உதை விழுந்தது.

சேகர் கீபோர்டிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்துப் பார்த்தான். கலைச்செல்வி டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குவைத்துக்கு ஃபோன் செய்த அன்று அழாதவள், அன்றுதான் அழுதாள். முரளிதான் மெல்ல எழுந்து வந்து கேட்டார்.

"சேகர், இந்த நிழலை சேவ் பண்ணிடட்டுமா?"